‘முடிவு செய்யப்பட்டது’: யாரால்?

(நகர விற்பனைக் குழுக்களில் பணியாற்ற முன்வரும் சாலையோர வியாபாரிகளுக்காக மும்பை மாட்டுங்காவில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் சரக்கெடுத்து, கடை விரித்து, பிற்பகல் வியாபாரத்தை அடுத்த கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். மாட்டுங்கா நிலையத்துக்குக் கிழக்கே பூவும் வாழையிலையும் விற்பவர்கள், தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரம் சுமந்து செல்பவர்கள், செம்பூரில் காய்கறி வண்டி தள்ளுபவர்கள் என மூன்று பகுதித் தோழர்களையும் காண்கிறேன். அரை நாள் வருமானத்தை இழந்து அமர்ந்திருப்போர் முன் பேசுகிறவன் வீண் சொல் பேசலாகாது.

நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இதற்கு அருகில்தான் மாட்டுங்கா லேபர் கேம்ப் இருக்கிறது. தலித் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த அந்தக் குடியிருப்பில்தான் அண்ணாபாவு சாத்தே வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாத அவர், கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு சேர்ந்து எழுத்தையும் உலகத்தையும் கற்றார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய தோழர்களுடன் இணைந்து ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவை உருவாக்கினார். படித்து முடித்தபின் போராடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, போராட்டத்துக்குள்ளேயே படித்தார்கள். இன்றைய வகுப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது எவரும் இரக்கப்பட்டுத் தந்த கொடை அன்று. மும்பை வியாபாரிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். மகாராஷ்டிர ஏக்தா ஹாக்கர்ஸ் யூனியன் வழக்கில் 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தது. நாடெங்கும் நடந்த போராட்டங்களின் விளைவாகவே நாடாளுமன்றம் இதனை நிறைவேற்றியது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர். காவல்துறை, போக்குவரத்துக் காவல், திட்டமிடல் துறை, மருத்துவ அதிகாரி, வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், வங்கி ஆகிய தரப்பினர் அதில் இடம்பெறுவர். வியாபாரிகளின் பிரதிநிதிகள் நாற்பது சதவீதத்துக்குக் குறையலாகாது. அவர்களை வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது, எந்தத் தெரு விற்பனை மண்டலம், எந்தத் தெரு தடை செய்யப்பட்ட மண்டலம் என்பவை இந்தக் குழுவின் முன் வந்தாக வேண்டிய கேள்விகள்.

மும்பையில் நடந்தது என்ன? 2014இல் கணக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 99,000 பேர் விண்ணப்பம் அளித்தனர். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்போ 2024 ஆகஸ்டில்தான் நடந்தது. சட்டம் பிறந்து பத்தாண்டு கழித்து! வாக்காளர் பட்டியலில் இருந்தோர் சுமார் 32,000 பேர். வழக்குகளின் காரணமாக முடிவுகளும் உடனே அறிவிக்கப்படவில்லை. சட்டமோ நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரையில் வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்கிறது. 2011 கணக்கின்படி மும்பையின் மக்கள்தொகை ஒரு கோடியே 24 லட்சம். இரண்டரை சதவீதம் என்றால் மூன்று லட்சத்துக்கும் மேல். மூன்று லட்சம் எங்கே, 32,000 எங்கே! பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் இன்றும் அதே தெருக்களில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குரல் கொடுக்க வேண்டிய கடமை குழுவுக்குள் செல்கின்றவர்களுக்கு உண்டு.

தோழர்களே, இருபது பேர் அமரும் குழுவில் நம்மவர் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு நடந்தால் எட்டு எப்போதும் பன்னிரண்டிடம் தோற்கும். அப்படியானால் அந்த எட்டு நாற்காலிகளால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லாமல் பயிற்சி என்று ஒன்றை நடத்துவதில் பொருளில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. அதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், இச்சட்டத்தைப் பற்றிய துண்டறிக்கையைத் தமிழாக்கினேன். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது என்பது சட்டத்தின் மூன்றாம் பிரிவு. நான் ‘எந்த வியாபாரியும் அகற்றப்படமாட்டார்’ என்று எழுதிவிட்டேன். துண்டறிக்கையைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பூக்கார அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார். “தம்பி, அகற்றப்படமாட்டார்னு போட்டிருக்கீங்க. நேத்துத்தான் என் கூடையைத் தூக்கிட்டுப் போனாங்க. இதுல எது பொய்?” என்று கேட்டார்.

தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன் வாயடைத்து நின்றேன். ‘அகற்றப்படமாட்டார்’ என்பது இனி நடக்கப்போவதைச் சொல்லும் ஆரூடம். ‘அகற்றக் கூடாது’ என்பது அதிகாரத்தில் இருப்பவனின் கையைப் பிடிக்கும் கட்டளை. நான் கட்டளையை ஆரூடமாக்கிவிட்டேன். அந்த அம்மா கேட்டது இலக்கணக் கேள்வியும் அரசியல் கேள்வியும் ஆகும். உரிமையை வாக்குறுதியாக வாசிக்கப் பழகினால் நாம் காத்திருப்போம். கட்டளையாக வாசித்தால், அதை மீறியவர் யார் என்று கேட்போம்.

குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. ‘விவாதிக்கப்பட்டது’, ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘முடிவு செய்யப்பட்டது’ என்று அவை எழுதப்படும். செயப்பாட்டுவினையில் செய்தவர் எளிதில் மறைந்துகொள்வார். ஒரு தெருவைத் தடை மண்டலமாக்க முன்மொழிந்தவர் யார்? எதிர்த்தவர் யார்? காரணம் என்ன? குறிப்பில் எதுவும் இராது. ஆனால் அதன் அடியில் நம் பிரதிநிதியின் கையெழுத்து இருக்கும். பின்னர் நீதிமன்றத்தில், ‘வியாபாரிகளின் பிரதிநிதிகளும் ஒப்புக்கொண்டார்கள்’ என்று அந்தத் தாளையே எடுத்து நீட்டுவார்கள். நாற்காலி கிடைத்தும் நாம் தோற்கிற இடம் அதுதான்.

ஆகவே குழுவுக்குச் செல்லும் தோழர்களுக்கு மூன்று பழக்கங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, நிகழ்ச்சிநிரலைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ‘இதர பொருள்கள்’ என்ற கடைசி வரியின் கீழ் திடீரென்று வரும் தீர்மானத்துக்கு உடனே இசைவு தராதீர்கள். ‘எங்கள் தெருவில் கலந்துபேசிச் சொல்கிறோம்’ என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டாவது, மாற்றுக் கருத்தை வாயால் சொல்லி நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, ஏற்புக் கையொப்பம் பெறுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்புகளை உறுதிசெய்யும்போது அது இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கையெழுத்திடாதீர்கள். எட்டுப் பேர் வாக்கில் தோற்கலாம். எட்டுப் பேரின் எதிர்ப்பும் காரணங்களும் பதிவான தாள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நமக்கு ஆயுதம்.

மூன்றாவது, எப்போதும் எடுத்துக்காட்டோடு பேசுங்கள். பறிமுதல் செய்தால் பொருட்களின் பட்டியலைத் தந்தாக வேண்டும். அழுகும் பொருளாயின் உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். ‘எங்களைத் துன்புறுத்துகிறார்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் வருந்துகிறோம் என்பார்கள். எந்த நாள், எந்த மூலை, எத்தனை கூடை, பட்டியல் தரப்பட்டதா என்று நாற்பது பேரின் விவரத்தை வைத்தால் விடை சொல்லியே தீர வேண்டும்.

இத்தகைய பயிற்சி புதியதோ, எட்டாததோ அன்று. 1996 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உள்ளாட்சிகளின் கைக்கு வந்தது. பணம் மட்டும் போதாது என்று இடது ஜனநாயக முன்னணி அரசு அறிந்திருந்தது. ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், பெண்கள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் படிப்படியாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. கிராமசபையில் எழுந்து நின்று மதிப்பீட்டைக் கேள்வி கேட்கும் சாதாரண மனிதரை அது உருவாக்கியது. குறைகள் இருந்தன, ஆனால் திட்டமிடல் அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய கலை என்ற மயக்கத்தை அது உடைத்தது. அங்கே அரசு முன்னின்று செய்ததை இங்கே சங்கம் செய்ய வேண்டியிருக்கிறது. வேறுபாடு அதுதான்.

இந்த நகரத்தில் வாழும் தமிழர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்புகள் மராத்தியில் இருக்கும். மராத்தி நம் பக்கத்துக் கடைக்காரரின் மொழி. அதைக் கற்பது நமக்குச் சிறுமை அன்று. 1960களில் தென்னிந்தியரைக் காட்டி மராத்தி உழைப்பாளிகளின் கோபத்தைத் திசைதிருப்பிய அரசியலை இவ்வட்டாரத்து முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அதே விரல் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவரை நோக்கி நீள்கிறது. தமிழ் வியாபாரிக்கு ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று நம் பிரதிநிதி பேரம் பேசினால், நாளை அந்த மூலையும் பறிபோகும். குழுவுக்குள் நாம் ‘பேரிவாலா’ என்ற ஒற்றை வர்க்கமாகவே பேச வேண்டும்.

இறுதியாக, கூட்டம் முடிந்ததும் நம் வேலை முடிவதில்லை. நடந்ததை அன்று மாலையே தெருவுக்கு வந்து சொல்லுங்கள். தோற்றதையும் சொல்லுங்கள். சொல்லாத பிரதிநிதி இரண்டாம் ஆண்டில் அதிகாரிகளின் நண்பராகவும் மூன்றாம் ஆண்டில் தெருவுக்கு அந்நியராகவும் ஆகிவிடுவார். உள்ளே எட்டுப் பேர் பேசும்போது வெளியே ஆயிரம் பேருக்கு அது தெரிந்திருந்தால், அந்த எட்டின் எடை வேறு. அந்த எடையைத் தருவது சங்கம். அதைத் தாங்கத் தகுதி தருவது பயிற்சி.

அந்தப் பூக்கார அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டு, வரியைத் திருத்தி, துண்டறிக்கையை மறுபடி அச்சிட்டோம். அவர் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, “இப்போ சரி. இனி கேக்கலாம்” என்றார். ‘முடிவு செய்யப்பட்டது’ என்ற சொல் உங்கள் முன் நீட்டப்படும் ஒவ்வொரு முறையும், ‘யாரால்?’ என்று கேளுங்கள் தோழர்களே. அந்த வாக்கியத்தில் நம் மக்களின் பெயரை எழுவாயாக எழுதும் நாள்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.