பழைய காசுக்கு விலை வைப்பது எப்படி?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்துவரும் மாதாந்திர உரை வரிசையில், குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



நான் முப்பது வருடமாகக் காசு சேர்ப்பவன். வியாபாரி இல்லை, பேராசிரியரும் இல்லை. ஆனாலும் லிஃப்டில், பால் வாங்கும் இடத்தில், பார்க்கிங்கில் என்னை நிறுத்தி நீங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், வீட்டில் ஒரு பழைய காசு இருக்கு, எவ்வளவு போகும்?" அதற்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. இன்று உட்கார்ந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப் போட்டுவிடுவோம். "எவ்வளவு பழசோ அவ்வளவு விலை" என்பது உண்மை இல்லை.

இதோ, இந்தச் சின்ன வெள்ளித் துண்டைப் பாருங்கள். இது முத்திரை குத்திய காசு. மௌரியர் காலத்தது, இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் வயது. எடை ஏறத்தாழ 3.4 கிராம். சூரியன், ஆறு கை கொண்ட ஒரு சின்னம் என்று ஐந்து முத்திரைகளை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார்கள். அசோகர் காலத்துக் கடைத்தெருவில் புழங்கியிருக்கக்கூடிய பொருள். ஆனால் இதன் பொதுவான வகைகள் இன்றும் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. காரணம், இந்தியா முழுக்கப் பானை பானையாகப் புதையலில் கிடைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். நம் தாத்தா காலத்துக் காசுதான். ஆனால் அந்த வருடத்து ரூபாய் மிகக் குறைவாகவே கிடைப்பதால், நல்ல காசு லட்சத்தைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. அதற்கு அடுத்த 1940ஆம் ஆண்டு ரூபாயோ சாதாரணம். இந்த விஷயம் தெரிந்தவர்கள் வேறு வருடத்து ரூபாயில் எண்ணைத் திருத்தி 1939 ஆக்கி விற்கவும் செய்கிறார்கள்.

ஆக, வயது விலையைச் சொல்லாது. அப்படியானால் எது சொல்லும்? நான்கு கேள்விகள். இதே வரிசையில் கேட்க வேண்டும்.

ஒன்று: இது என்ன காசு?

அரசர், உலோகம், வகை, அச்சடித்த ஊர் எல்லாம் தெரிய வேண்டும். ராஜராஜ சோழன் காசு என்றதும் நமக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் பக்கத்தில் நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்றும் உள்ள செப்புக்காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளம். சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். அதே அரசர் பெயரில் தங்கக்காசு என்றால் கதையே வேறு.

சில சமயம் நாலைந்து எழுத்துதான் வித்தியாசம். சங்ககாலப் பாண்டியரின் மீன் சின்னம் கொண்ட சதுரச் செப்புக்காசுகள் பல உண்டு. அவற்றில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அடையாளம் கண்டு வெளியிட்டார். எழுத்து இல்லாத காசையும் எழுத்துள்ள காசையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முகலாயர் வெள்ளி ரூபாயிலும் அப்படித்தான். சூரத் நாணயச்சாலை மிக அதிகமாக அடித்தது, அதனால் சூரத் ரூபாய் எளிதில் கிடைக்கும். அதே அரசர், அதே வெள்ளி, ஆனால் அரிதான ஊர்ப் பெயர் இருந்தால் விலை பல மடங்கு ஏறும்.

இரண்டு: இது உண்மையான காசா?

இதற்கு மூன்று எளிய சோதனைகள். ஒன்று, எடை. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் சின்னத் தராசு போதும். முகலாய ரூபாய் ஏறத்தாழ 11.4 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்தால் கொஞ்சம் குறையும். காசு பளபளவென்று புதுசாக இருந்து ஒன்பது கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, காந்தம். தங்கம், வெள்ளி, செம்பு எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி. ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. மூன்றாவது, பூதக்கண்ணாடி. அச்சில் வைத்து அடிக்காமல் வார்த்து எடுத்த போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், பரப்பில் ஊசிக் குத்து மாதிரிக் குழிகள் இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே குழி இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்புதான்.

நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார், மறுபக்கம் "கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா" என்று போட்ட காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லை அது. பூஜையறையில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். அது லட்சத்துக்குப் போகும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று: என்ன நிலையில் இருக்கிறது?

ஒரே காசு, தேய்ந்திருந்தால் ஒரு விலை, முகமும் எழுத்தும் தெளிவாக இருந்தால் அதைப் போலப் பல மடங்கு. கையால் அடித்த காலத்தில் அச்சு பெரிதாகவும் காசு சிறிதாகவும் இருக்கும். அதனால் முகலாயக் காசில் ஊர்ப் பெயரோ வருடமோ வெளியே போயிருப்பது சகஜம். இரண்டும் உள்ளே விழுந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். செப்புக்காசின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த கரும்பச்சைப் படலம்தான் சேகரிப்பவர் தேடும் அழகு. அது போனால் திரும்ப வராது, விலையும் வராது. வெளிர் பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் அது நோய். அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் தனியாக வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதேபோல, சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்த தங்கக்காசு பெரும்பாலும் தங்கத்தின் விலைக்கே இறங்கிவிடும்.

நான்கு: இதேபோன்ற காசு கடைசியாக எவ்வளவுக்கு விற்றது?

கவனியுங்கள், "எவ்வளவு கேட்கிறார்கள்" என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் கோடி ரூபாய் என்று போடலாம், வாங்க ஆள் வந்தால்தானே விலை? மும்பையிலும் பெங்களூருவிலும் நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. முடிந்த ஏலங்களின் விலைகளை அவர்கள் வெளியிடுகிறார்கள். அதே வகை, அதே நிலை, குறைந்தது மூன்று விற்பனைகளைப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றிய விலையாக அது இருக்கலாம். கமிஷனையும் மறக்காதீர்கள். ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்குப் போன காசுக்கு வாங்கியவர் கமிஷனும் வரியும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருப்பார். விற்றவர் கைக்கு ஆயிரத்துக்குக் குறைவாகவே வந்திருக்கும்.

வெளிநாட்டு இணையதளத்தில் டாலரில் உள்ள விலையை ரூபாயாகப் பெருக்கிப் பார்ப்பதிலும் பயனில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நிலத்தில் புதைந்து கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரில் கிணறு தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இவ்வளவும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் நம் வளாகத்துக் காவலாளி ஒருவர் என்னிடம் வந்தார். அவரிடம் இருந்தது 2012இல் வந்த வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க் காசு. பத்து லட்சம் தருவதாக ஒருவர் போனில் சொன்னாராம். அதற்கு முன் "ஃபைல் சார்ஜ்" என்று 2,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. மறுநாள் காலை பணம் அனுப்புவதற்காகக் கடன் கேட்டுவைத்திருந்தார். அந்தக் காசுக்குக் கடையில் சில பத்து ரூபாய் கிடைத்தால் அதிகம் என்று சொன்னபோது, சிறிது நேரம் அவர் பேசவே இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் வரை மனதில் கணக்குப் போட்டுவிட்டார்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் மாதமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, காசு வாங்கல் விற்றலில் அவர்கள் ஈடுபடுவதில்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை, கட்டணமும் கேட்பதில்லை. உண்மையில் வாங்குபவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்க மாட்டார். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடமும், ஓட்டுநர்களிடமும் இந்த ஒரு வரியை இன்றே சொல்லிவிடுங்கள். மாட்டியிருந்தால் 1930க்கு உடனே புகார் செய்யலாம்.

இன்னொன்றையும் பார்க்கிறேன். பெரியவர் காலமான பிறகு காசுப் பெட்டியை எண்ணிப் பங்கு போடுகிறார்கள். அக்காவுக்கு இருபது, தம்பிக்கு இருபது. அது நியாயமாகத் தோன்றும், ஆனால் ஒரே ஒரு காசு மற்ற முப்பத்தொன்பதைவிட அதிக விலையுள்ளதாக இருக்கலாம். முதலில் ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள், எடை குறியுங்கள், எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பிறகு இரண்டு பேரிடமாவது தனித்தனியாக விலை கேளுங்கள். வாங்க நினைப்பவரிடம் மட்டும் மதிப்புக் கேட்காதீர்கள்.

பெரும்பாலான வீட்டுக் காசுகள் பெரிய விலை போகாது என்பதுதான் உண்மை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சில நூறு ரூபாயில் ராஜராஜன் காலத்துக் காசைப் பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் வைக்க முடிகிறதே! எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போய் அங்குள்ள காசுகளைக் காட்டுங்கள். வீட்டில் காசு வைத்திருப்பவர்கள் தேய்க்காமல், கழுவாமல் அப்படியே எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.