கழுகினத்தைக் காத்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தபோது, மாணவர் உபகார நிதியைப் பற்றியோ, கலியாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கழுகு என்று தெரிவித்ததும் அவர்கள் சிறிது திகைத்தார்கள். சுபகாரியங்களைப் பேசும் சபையில் பிணந்தின்னும் பறவையின் பேச்சு எதற்கு என்னும் ஐயம் உங்களுள்ளும் சிலருக்கு உண்டாகலாம். எனினும் பேசத் துணிந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அப்பறவையின் குலத்தை அழித்த நஞ்சு, மாடு வளர்ப்போராகிய நம்மனோருடைய தொழுவங்களிலிருந்தே சென்றது. ஆதலின் எஞ்சியவற்றைக் காக்கும் வழியும் நம் தொழுவங்களிலேயே இருக்கிறது. இதனை எடுத்துரைப்பதே இன்று என் நோக்கம்.

கழுகு என்று நாம் பொதுவாக வழங்கும் பறவைகளுள் உயிருள்ள இரையை வேட்டையாடுவன ஒரு வகை. இறந்த விலங்கின் உடலை உண்டு வாழ்வன மற்றொரு வகை. இப்பின்னவற்றைப் பழந்தமிழர் பாறு என்றும் எருவை என்றும் பெயரிட்டு அழைத்தனர். புறநானூற்றுப் போர்க்களங்களில் வட்டமிடுவன இவையே. தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு வகை இன்றும் உள்ளன.

இவற்றை நம் முன்னோர் இழிவாக எண்ணினார்களோ என்றால், இல்லை. சீதாபிராட்டியைக் காக்க முற்பட்டு இராவணனோடு பொருது உயிர்நீத்த சடாயு கழுகரசன் அல்லவா? அச்சடாயு வழிபட்ட தலமென்பதனால் வைத்தீசுவரன்கோயில் புள்ளிருக்குவேளூர் எனப் பெயர் பெற்றது; அங்கே சடாயு குண்டத்தை இன்றும் தரிசிக்கிறோம். திருக்கழுக்குன்றத்திலோ, உச்சிப்பொழுதில் குன்றின்மீது இரண்டு கழுகுகள் வந்திறங்கிச் சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும் காட்சியை நம் பாட்டன்மார் காலமுதல் ஜனங்கள் கண்டு கைகூப்பினர். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பின்னர் அவை வருவதில்லை. குன்றும் கோயிலும் இருக்கின்றன. ஊருக்குப் பெயர் தந்த பறவை மட்டும் இல்லை.

என் இளமையில் எங்கள் ஊர்ப் புறத்தே செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போடும் பொட்டல் ஒன்று இருந்தது. தோலை உரித்தெடுத்த சிறிது நேரத்தில் வானத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு கழுகு இறங்கும். அதைக் கண்டு வேறொன்று இறங்கும். பிறகு முப்பது, நாற்பது என்று கூட்டமாய் வந்து சேரும். மாலைக்குள் வெண்ணிற எலும்பன்றி வேறொன்றும் மிஞ்சாது. நாற்றமில்லை, ஈயில்லை, புழுவில்லை. அடைப்பான் நோய்க் கிருமியையும் அழித்துவிடத்தக்க கடுமையான புளிப்பு அதன் இரைப்பையில் உண்டு என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். கூலி கேளாத அந்தத் தோட்டிக்கு நாம் கொடுத்த பெயர் அபசகுனம் என்பது.

இங்கே மனம் கூசும் ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு சாராரின் தலையில் நாம் சுமத்தினோம். சுமத்திய பின், அதைச் செய்தார்கள் என்பதற்காகவே அவர்களைத் தாழ்வாக நோக்கினோம். நம் அழுக்கை நீக்கித் தரும் மனிதரிடத்தும் பறவையிடத்தும் நாம் காட்டிய நன்றி இத்தகையது. நம் சங்கம் நம் மேன்மையை மட்டும் பேசாமல் இதனையும் நினைவில் வைத்தல் நலம்.

இனி, அழிவு நிகழ்ந்த வரலாற்றைக் கூறுகிறேன். 1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலுள்ள பெரிய ஊனுண்ணிப் பறவைகளுள் மிகுதியாகக் காணப்பட்டது என்று கருதப்பட்டது. 1990களில் ராஜஸ்தானத்துப் பரத்பூர்ச் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்னும் பறவை ஆராய்ச்சியாளர், கழுகுகள் கழுத்துத் தொங்கக் கிளைகளில் சோர்ந்திருப்பதையும், கூடுகள் வெறுமையாவதையும் கண்டு எச்சரித்தார். 1992க்கும் 2007க்கும் இடையே நாட்டில் எடுத்த கணக்குகளின்படி வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் இனமான மற்றொன்றும் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு வந்தன. பதினைந்தே ஆண்டுகளில் இவ்வளவு விரைவாக வீழ்ந்த பறவையினம் வேறொன்றைக் காண்பது அரிது.

காரணம் நெடுநாள் புலப்படவில்லை. தொற்றுநோய் என்று சிலரும், பூச்சிமருந்து என்று சிலரும் கூறினர். பாகிஸ்தானத்தில் இறந்த கழுகுகளை அறுத்து ஆராய்ந்த லிண்ட்ஸே ஓக்ஸ் முதலியோர் 2004இல் உண்மையை வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே அது. அம்மருந்து உடலிலிருக்கும்போது மாடு இறந்து, அதன் ஊனைக் கழுகு தின்னுமாயின், அதன் சிறுநீரகம் கெடுகிறது. வெளியேற வேண்டிய உப்பு, வெண்ணிறப் பொடியாய் ஈரலின்மேலும் இருதயத்தின்மேலும் படிகிறது. சில நாட்களில் பறவை மடிகிறது. இத்தகைய உடல்கள் மிகுதியாக இருக்கவேண்டுவதில்லை. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்நஞ்சு இருந்தாலே இனம் முழுவதும் வீழ்ந்துபோகப் போதுமானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் உடலைச் சுற்றி எத்தனை கழுகுகள் கூடுகின்றன என்பதை நினைத்தால் இது விளங்கும். மேலும் கழுகு ஐந்து வயதளவில்தான் இனம்பெருக்கத் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகிறது. இழந்ததை விரைவில் ஈடுசெய்யும் ஆற்றல் அதற்கில்லை.

அன்பர்களே! பிறரைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. 1998ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் கண்டது. வைத்தியர் வெளியூர் சென்றிருந்தார். நானே கடைக்குச் சென்று அம்மருந்தை வாங்கிவந்து, ஊசி போடத் தெரிந்த ஒருவரைக்கொண்டு போடுவித்தேன். வலி தணிந்தது, ஆனால் மூன்றாம் நாள் பசு இறந்தது. அதைப் பொட்டலுக்கு அனுப்பினேன். அன்று அங்கே இறங்கியவை மூன்று கழுகுகள் மாத்திரமே. முன்போலக் கூட்டம் வரவில்லையே என்று ஒரு கணம் எண்ணியதோடு வீடு திரும்பினேன். ஆறு ஆண்டுகளுக்குப் பின் பத்திரிகையில் காரணத்தைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பசுவின் வேதனையைத் தணிக்க எண்ணிச் செய்த செயல் அது. எண்ணம் நல்லதாயினும் விளைவு நல்லதாகவில்லை. அறியாமல் செய்ததற்கு மன்னிப்புண்டு. அறிந்தபின் செய்வதற்கு என்ன உண்டு?

கழுகு போனால் போகட்டும், நமக்கென்ன என்பாரும் உளர். அவர்களுக்கு விடை சொல்கிறேன். கழுகு தின்னாத பிணத்தை நாயும் எலியும் தின்கின்றன. அழுகிய நீர் குளத்திலும் கிணற்றிலும் கலக்கிறது. நாய் பெருகினால் வெறிநாய்க்கடி பெருகும். இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர், கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவ்வாறில்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2024இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கழுகுகள் மறைந்தபின் முன்வகை மாவட்டங்களில் மனித மரணம் நூற்றுக்கு நான்குக்கு மேல் உயர்ந்ததென்றும், 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மிகுதியாக இறந்தனரென்றும் அவர்கள் கணக்கிட்டுள்ளனர். நாம் அருவருத்த பறவை இத்தனை உயிர்களுக்குக் காவலாயிருந்தது.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது தடுக்கப்பட்டது. மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தும் தந்திரம் பிறகு பரவியதால், 2015இல் ஒருமுறை போடத்தக்க 3 மில்லி லிட்டர் குப்பிக்கு மேற்பட்டவை விலக்கப்பட்டன. மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபினாக்கும், கீட்டோபுரோஃபெனும் 2023இல் கால்நடை வைத்தியத்தினின்று நீக்கப்பட்டன. நிமசுலைடு 2024இன் இறுதியில் நீக்கப்பட்டது. மெலாக்சிகாம் என்னும் மருந்து, மாட்டின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கவல்லது. கழுகுக்குத் தீங்கு செய்யாதென்பது 2006இலேயே சோதித்தறியப்பட்டது. ஆகவே, பசுவைக் காப்பதா கழுகைக் காப்பதா என்னும் தர்ம சங்கடம் நமக்கு இல்லை.

இப்பொழுது எஞ்சியவை எங்கே வாழ்கின்றன? தென்னாட்டில் அவற்றின் தலையாய புகலிடம், நீலகிரிக்கு வடக்கே முதுமலை, சத்தியமங்கலக் காடுகளினூடே ஓடும் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. அவ்வாற்றின் கரையிலும் அதன் கிளையோடைகளின் கரையிலும் ஓங்கி நிற்கும் நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்தான பாறை விளிம்புகளைத் தேடுகிறது. புலியும் செந்நாயும் கொன்று தின்ற மிச்சம் அவற்றுக்கு உணவாகிறது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், தெலங்கானம் ஆகிய நான்கு மாநிலங்களிலும் சேர்த்து எண்ணி, 2025இல் வெளியிட்ட தொகை 390. நம் ஊர்க் கலியாணமொன்றில் ஒரு பந்தியில் உண்ண அமர்வோரின் தொகை அது!

மருத மரம் வெட்டப்படாமலும், ஆறு வற்றாமலும், தீப்பற்றாமலும், உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் வெளிகளை மூடாமலும் காக்கவேண்டியது வனத்துறையின் கடன். ஆனால் காட்டைக் காத்துவிட்டால் கழுகு பிழைத்துவிடும் என்று கருதுதல் தவறு. இரையை நாடி ஒரே நாளில் நூறு மைலும் பறக்கவல்ல பறவைக்குக் காட்டின் எல்லைக்கல் தெரியாது. காட்டோரத்துப் பட்டியொன்றில் மருந்தேற்றப்பட்டு இறந்த ஒரு மாடு, காட்டினுள் பல ஆண்டுகள் செய்த காவலை ஒரு பகலில் பாழாக்கிவிடும். சிறுத்தையையோ நாயையோ கொல்லக் கருதிப் பிணத்தில் விஷம் தடவுவாரும் அத்தகைய கேட்டையே செய்கின்றனர்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நேபாளத்தில் நவல்பராசி என்னும் பகுதியிலுள்ள பிதௌலி கிராமத்தார், 2006இல் ஒரு முறையை ஏற்படுத்தினர். உழைத்தோய்ந்த கிழமாடுகளை வாங்கி, ஓரிடத்தில் வைத்துப் புல்லும் நீரும் கொடுத்துப் பேணுகின்றனர். அவை தாமே இறந்தபின், நஞ்சற்ற அவ்வுடலைக் கழுகுகளுக்கு இடுகின்றனர். பசுவுக்கும் தருமம், பறவைக்கும் தருமம். அவ்விடத்துக்குச் சடாயுவின் பெயரையே வைத்திருக்கின்றனர். அரியானாவில் பிஞ்சோரில் கழுகுகளை வளர்த்துப் பெருக்கும் நிலையத்துக்கும் அதுவே பெயர். நஞ்சு குறைந்த இடத்தில் கழுகினம் மெல்லத் தலையெடுக்கிறது என்பதற்கு நேபாளமே சாட்சி.

அன்பர்களே! நம் சங்கத்தார் வீடுகளில் மாடில்லாத வீடு சில. மருந்துக்கடை வைத்திருப்போர் பலர். கால்நடை வைத்தியம் கற்ற இளைஞரும் நம்மிடை உளர். ஆகையால் நான்கு காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, மாட்டுக்கு வலி மருந்து வேண்டுமாயின் வைத்தியரிடம் மெலாக்சிகாம் தருமாறு கேளுங்கள். மனிதருக்கான வலி ஊசியை ஒருபோதும் மாட்டுக்குப் போடாதீர்கள். இரண்டாவது, விலக்கப்பட்ட மருந்து ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்ததாகத் தெரியவந்தால், அதனை வெளியே போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மூன்றாவது, மருந்துக்கடை வைத்திருக்கும் நம்மவர், மாட்டுக்கென்று கேட்டு வருவோருக்கு அம்மருந்துகளை விற்பதில்லையென்று இச்சபையில் வாக்களிக்கவேண்டும். அதனால் குறையும் இலாபம் மிகச் சிறிது. நான்காவது, பிணத்தில் விஷம் வைப்பதை எந்த ஊரில் கண்டாலும் தடுக்கவேண்டும். இவற்றை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, நமது மாதப் பத்திரிகையில் வெளியிடுமாறு அக்கிராசனரவர்களை வேண்டுகிறேன்.

பிராட்டியைக் காக்க முயன்று வீழ்ந்த சடாயுவுக்குத் தந்தைக்குச் செய்யும் கடனைச் செய்தான் இராமபிரான். அக்கதையை நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். கேட்கும் பிள்ளை, அந்தப் பறவையைக் காட்டு என்று கேட்டால், வானத்தைச் சுட்டிக் காட்டும் பேறு நமக்கு இருக்கவேண்டும். மூன்று கழுகுகளை அன்று கண்ட என் கண்கள் மீண்டும் ஒரு கூட்டத்தைக் காணுமோ, அறியேன். உங்கள் பேரப்பிள்ளைகள் காணும்படி செய்வது உங்கள் கையில் இருக்கிறது.