கிரேக்கம் கண்ட ஓராண்டு

வரலாற்றில் பெரும்பாலான ஆண்டுகள் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகின்றன. சில ஆண்டுகள் மட்டும் ஒரு தலைமுறைக்கு வேண்டிய நிகழ்ச்சிகளைத் தம்முள் அடக்கிக்கொண்டு நிற்கின்றன. கிரேக்க நாட்டுக்கு 1974-ஆம் ஆண்டு அத்தகையது. அவ்வாண்டு பிறந்தபோது அங்கே இராணுவத்தார் ஆட்சி நடந்தது; அது முடிந்தபோது மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி நடந்தது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பனவற்றை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். ‘குடியாட்சி தோன்றிய நகரம் எது?’ என்பது ஆண்டுதோறும் நான் கேட்ட வினா. ‘ஏதென்ஸ்’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் வழங்கினேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அங்கே தோன்றிய குடியாட்சி பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்டாள். பெரிக்கிளீஸ் காலத்தோடு என் பாடம் முடிந்துவிட்டிருந்தது. எனக்கு விடை தெரியவில்லை. “நாளை சொல்கிறேன்” என்றேன், சொல்லவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, அவள் பள்ளியை விட்டே போய்விட்டாள்.

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் விடியுமுன், பப்படோபுலோஸ், பட்டாகோஸ், மக்கரேசோஸ் ஆகிய மூவரின் தலைமையில் இராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர். பிரதமராயிருந்த கனெல்லோபுலோஸ் அன்றே கைதானார். பொதுவுடைமைவாதிகளிடமிருந்து நாட்டைக் காக்கவே வந்தோம் என்றனர் அதிகாரிகள். கட்சிகள் தடை செய்யப்பட்டன. பல்லாயிரவர் சிறைக்கும் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களை எதிர்க்க முயன்று தோற்ற அரசர் இரண்டாம் கான்ஸ்டன்டைன் நாட்டை விட்டு வெளியேறினார்.

எதிர்ப்புக் குரல் அடியோடு அவிந்துவிடவில்லை. நோபல் பரிசு பெற்ற கவிஞர் செஃபெரிஸ் 1969 மார்ச்சில் பி.பி.சி. வானொலி வழியாகச் சர்வாதிகாரத்தைக் கண்டித்து ஒரு சிற்றுரை நிகழ்த்தினார். 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்து மக்களை அழைத்தனர். நவம்பர் 17-ஆம் நாள் விடியுமுன், ஒரு டாங்கி அக்கல்லூரியின் இரும்பு வாயிலை இடித்துத் தள்ளி உள்ளே புகுந்தது. அந்நாள்களில் நகரில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில நாள் கழித்து, இராணுவக் காவற்படைத் தலைவரான பிரிகேடியர் இயோவானிதிஸ், பப்படோபுலோஸையே கவிழ்த்துவிட்டு, கிசிக்கிஸ் என்ற தளபதியைக் குடியரசுத் தலைவராக அமர்த்தினார். கடுமை இன்னும் மிகுந்தது. 1974 பிறந்தபோது கிரேக்கம் இருந்த நிலை இதுவே.

இனி அவ்வாண்டின் கோடைக்கு வருவோம்.

சைப்ரஸ் 1960-இல் விடுதலை பெற்ற தீவு நாடு. பெரும்பான்மையோர் கிரேக்க மொழியினர். சிறுபான்மையோர் துருக்கிய மொழியினர். பிரிட்டன், கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்றும் அதன் விடுதலைக்கு உறுதியளித்திருந்தன. அங்கே குடியரசுத் தலைவராயிருந்தவர் பேராயர் மக்காரியோஸ். தம் தேசியக் காவற்படையில் இருந்த கிரேக்க அதிகாரிகளே தமக்கு எதிராகச் சதி செய்கின்றனர் என்று கண்ட அவர், அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு ஜூலைத் தொடக்கத்தில் கிசிக்கிஸுக்குக் கடிதம் எழுதினார்.

அதற்கு வந்த மறுமொழி துப்பாக்கிக் குண்டு. ஜூலை 15-ஆம் நாள் அவருடைய மாளிகை தாக்கப்பட்டது. மக்காரியோஸ் இறந்துவிட்டார் என்று சைப்ரஸ் வானொலி அறிவித்தது. ஆனால் அவர் தப்பி, பாஃபோஸ் நகரை அடைந்து, அங்கிருந்த ஒரு சிறு வானொலி நிலையத்திலிருந்து தாம் உயிரோடு இருப்பதைத் தம் குரலாலேயே தெரிவித்தார். சம்ப்சன் என்பவரைத் தலைவராக்கினர் சதிகாரர். ஐந்தே நாளில், ஜூலை 20-இல், உறுதியளித்த நாடு என்ற உரிமையைக் காட்டித் துருக்கி தன் படைகளைக் கிரீனியாவுக்கு அருகில் கரையிறக்கியது.

ஏதென்ஸ் அரசு எல்லா ஆடவரையும் படைக்கு அழைத்தது. அவ்வழைப்பில் பெருங்குழப்பமே விளைந்தது. நாட்டைக் காக்கவே வந்தோம் என்று ஏழாண்டுகள் முழங்கியவர்களுக்கு, காக்க வேண்டிய நாள் வந்தபோது கை எழவில்லை. அதிகாரத்தில் மூழ்கிய படை போரிடும் திறனை இழந்திருந்தது. ஜூலை 23-இல் தளபதிகளும் கிசிக்கிஸும் பழைய அரசியல்வாதிகளை அழைத்து, ஆட்சியை ஏற்குமாறு கேட்டனர். முதலில் கனெல்லோபுலோஸின் பெயரே முடிவாயிற்று. பிறகு எண்ணம் மாறி, பாரிஸில் பத்தாண்டுக்கு மேலாகத் தங்கியிருந்த முன்னாள் பிரதமர் கரமான்லிஸை அழைத்தனர். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கொடுத்த விமானத்தில் அவர் நள்ளிரவு கடந்து ஏதென்ஸ் வந்திறங்கினார். ஜூலை 24 விடியற்காலை நான்கு மணிக்குப் பதவி ஏற்றார். தெருவெங்கும் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றனர்.

பதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. படை பழைய அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. புதிய பிரதமர் சில வாரங்கள் தரையில் உறங்க அஞ்சி, கடற்படைக் காவலோடு ஒரு கப்பலில் உறங்கினார். இந்நிலையில் அவர் அவசரப்படவில்லை. கிசிக்கிஸைக்கூட டிசம்பர் வரை பதவியில் இருக்க விட்டார். ஆனால் நாள்தோறும் ஒரு கல்லை எடுத்து வைத்தார். அரசியல் கைதிகள் விடுதலையாயினர். 1952-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், முடியாட்சி பற்றிய பகுதி நீங்கலாக, ஆகஸ்டில் மீண்டது. 1947 முதல் தடை செய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சிக்குச் செப்டம்பரில் உரிமை கிடைத்தது. வாழ்நாள் முழுதும் அக்கட்சியை எதிர்த்தவர் கரமான்லிஸ் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எதிரிக்கும் பேச இடமில்லாத மன்றம் மக்கள் மன்றமாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நவம்பர் 17-ஆம் நாள், டாங்கி புகுந்து சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, பொதுத் தேர்தல் நடந்தது. கரமான்லிஸின் புதிய ஜனநாயகக் கட்சி நூற்றுக்கு 54 வாக்குகளைப் பெற்றது. மூன்று வாரங்கழித்து, டிசம்பர் 8-இல், அரசர் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. பிரதமர் எப்பக்கமும் பேசவில்லை. நூற்றுக்கு 69 பேர் அரசர் வேண்டாம் என்றனர். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் முடியாட்சி முடிந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் சதித் தலைவர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. அரசு அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. பப்படோபுலோஸ் 1999-இல் இறக்கும்வரை கைதியாகவே இருந்தார். பழிக்குப் பழி என்ற வழியை அந்நாடு நாடவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் இது இனிய கதை. ஆனால் பாதியே உண்மை.

ஏதென்ஸில் மக்கள் மகிழ்ந்த அந்தக் கோடையில்தான் சைப்ரஸில் மக்கள் வீடிழந்தனர். ஆகஸ்டு 14-இல் துருக்கிப் படை மீண்டும் முன்னேறி, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்க மொழியினர் வடக்கிலிருந்து தெற்கே ஓடினர். துருக்கிய மொழியினர் பல்லாயிரவர் தெற்கிலிருந்து வடக்கே சென்றனர். காணாமற்போனோர் பலர். நிக்கோசியா நகரின் நடுவே இன்றும் ஒரு கோடு கிடக்கிறது. அந்நகரின் பழைய விமான நிலையத்தில் அன்று நின்ற போக்குவரத்து இன்றுவரை தொடங்கவில்லை.

நேயர்களே, பாடநூல்களில் ‘கிரேக்கத்தில் குடியாட்சி மீண்டது’ என்பது ஓர் ஏட்டிலும், ‘சைப்ரஸ் பிளவுண்டது’ என்பது வேறோர் ஏட்டிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டியவை. ஓரிடத்தார் தம் உரிமையை இழந்திருந்த காலத்தில் அவர்களை ஆண்டவர்கள் செய்த தவற்றுக்கு, அவர்களுக்கு வாக்களிக்கவும் இயலாத வேறிடத்து மக்கள் கடன் தீர்த்துக்கொண்டிருக்கின்றனர். கொடுங்கோல் வீழ்ந்தாலும் அது விட்டுச் சென்ற கடன் அதனோடு வீழ்வதில்லை.

டாங்கி நெரித்த அந்த இரும்புக் கதவு, பாலிடெக்னிக் வளாகத்திலேயே இன்றும் கிடக்கிறது. அதைச் செப்பனிட்டு மறைத்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 17-இல் மக்கள் அங்கே மலர் வைக்கிறார்கள்.

அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாளோ, அறியேன். இவ்வுரை அவள் செவியில் விழுமாயின், அன்று நான் சொல்லத் தவறிய விடை இதுதான்: அம்மா, ஏதென்ஸில் தோன்றிய குடியாட்சி பலமுறை தொலைந்தது, பலமுறை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒரு முறை பிறந்து என்றும் வாழும் பொருள் அன்று. ‘ஏதென்ஸ்’ என்ற ஒரு சொல் விடைக்கு முழு மதிப்பெண் கொடுத்தது என் பிழை.