குருகிராமின் வணிகச் செழிப்பு நிலைக்குமா?

(புது தில்லி சாணக்யபுரியில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)

ஒரு நகரம் வளர்கிறதா என்று அறிவது எளிது. அவ்வளர்ச்சி நிலைக்குமா என்று அறிவது எளிதன்று. கட்டடங்களின் உயரமும் மனை விலையும் முதற் கேள்விக்கு விடை தந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அவை விடை தருவதில்லை என்பதோடு, சில வேளைகளில் தவறான விடையைத் தந்து அரசையும் முதலீட்டாளரையும் ஒருங்கே ஏமாற்றிவிடுவதும் உண்டு. இதற்கு நெடுந்தொலைவு சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. சாணக்யபுரியிலிருந்து தென்மேற்கே 25 கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவில் குருகிராம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு வரை குர்கான் என்று வழங்கப்பட்ட ஊர் அதுவே.

இரண்டு இடங்களும் இந்தியா விடுதலை பெற்ற பின்னர் விளைநிலத்தின்மீதும் புதர்க்காட்டின்மீதும் எழுந்தவை. ஆயினும் அவை எழுந்த முறை நேர்மாறானது. சாணக்யபுரியில் 1950-களில் மைய அரசு நிலத்தைக் கையகப்படுத்திற்று; சாலை, வடிகால், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு வகை செய்தது; அதன் பின்னரே அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு மனைகளை ஒதுக்கிற்று. அமெரிக்கத் தூதரகம் 1959-இல் அங்கே திறக்கப்பட்டது. குருகிராமிலோ மனை முதலில் விற்பனையாயிற்று, கட்டடம் அடுத்து எழுந்தது, குழாயும் வடிகாலும் கடைசியாக வந்தன. சில இடங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சாணக்யபுரி எதையும் உற்பத்தி செய்து பிழைக்கும் ஊரன்று, அரசுக் கருவூலத்தின் நிழலில் வாழ்வது என்பதை மறந்துவிடலாகாது. ஆகவே ஒன்றை மற்றதற்கு முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. பணிகள் நடைபெற்ற வரிசையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு.

செழிப்பின் தோற்றம்

குருகிராமின் எழுச்சிக்கு வித்திட்டது, விந்தையாகத் தோன்றினும், தில்லிக்கென இயற்றப்பட்ட ஒரு சட்டமே. 1957-ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டத்தால் தலைநகரில் நிலத்தை மேம்படுத்தி விற்கும் பொறுப்பு பெரும்பாலும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கைக்குப் போயிற்று. அதற்குமுன் தில்லியில் குடியிருப்புகளை அமைத்து வந்த தனியார் நிறுவனங்களுக்கு அங்கே இடமில்லாது போகவே, அவற்றுள் முதன்மையான டி.எல்.எஃப். எல்லைக்கு அப்பால் பார்வையைத் திருப்பிற்று. அரியானா அரசு 1975-இல் இயற்றிய நகர்ப்புறப் பகுதிகள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் தனியார் உரிமம் பெற்றுக் குடியிருப்புகளை அமைக்க வழிசெய்தது. ஒரு கதவு மூடியதால் மற்றொரு கதவு திறந்தது எனலாம்.

தொழில் அடுத்து வந்தது. 1981-இல் பொதுத்துறையில் நிறுவப்பட்ட மாருதி உத்யோக், ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 1983 டிசம்பரில் குர்கான் தொழிற்சாலையிலிருந்து தன் முதற் காரை வெளியிட்டது. அதனைச் சுற்றி உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிலகங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 1997-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தன் நிதிப் பணிகளைத் தொலைவிலிருந்தே செய்து முடிக்கும் அலுவலகத்தை அங்கே தொடங்கிய பின்னர், அமெரிக்கப் பகலில் நடக்கும் வேலையை இந்திய இரவில் முடிக்கும் புதுத் தொழில் வேரூன்றிற்று. 1991-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்றேகால் லட்சம் அளவில் இருந்த நகர மக்கள்தொகை, 2011-இல் 8.77 லட்சமாயிற்று. இடையில் பல சிற்றூர்கள் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம். ஆயினும் பெருக்கம் பெரிது என்பதில் ஐயமில்லை.

இச்செழிப்பின் காரணங்களுள் எவை நிலையானவை, எவை நிலையற்றவை என்று பிரித்தறிவதே பொருளாதாரம் பயில்வோரின் முதற்கடமை. விமான நிலையத்தின் அண்மை நிலையானது. ஆங்கிலமறிந்த இளைஞர் கூட்டமும் அயல்நாட்டு நேர வேறுபாடும் நிலையானவையே. ஆனால் அவை பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சென்னைக்கும் பொதுவானவை. தில்லியின் மூடிய கதவோ நிலையானதன்று. உத்தரப் பிரதேசம் 1976-இலேயே நோய்டாவை அமைத்துவிட்டது. அதற்குத் தெற்கே ஜேவரில் பன்னாட்டு விமான நிலையத்துக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தில்லியிலேயே விமான நிலையத்தை ஒட்டி அலுவலக வளாகங்கள் எழுந்துள்ளன. நில உடைமையாளரும் தனியாரும் சேர்ந்து நகர்ப்பகுதிகளை அமைக்கும் நில ஒருங்கிணைப்புக் கொள்கைக்கும் 2018-இல் ஒப்புதல் கிடைத்தது. இடத்தால் வந்த ஏகபோகம் இவ்வாறு மெல்லக் கரைந்து வருகிறது.

ஒருமுறை வரும் பணமும் ஆண்டுதோறும் வரும் செலவும்

குருகிராமின் நிதி அமைப்பில்தான் அடிப்படைக் குறை இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெறும் நிறுவனம் தன் வளாகத்துக்குள் சாலை, குழாய், பூங்கா ஆகியவற்றைத் தானே அமைக்க வேண்டும். வளாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெருங்குழாய், பெருஞ்சாலை, கழிவுநீர்த் தொகுதி ஆகியவற்றுக்காக வெளிப்புற வளர்ச்சிக் கட்டணத்தை அரசிடம் செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு அரசு அவற்றை அமைக்க வேண்டும். ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு இது. நடைமுறையில், உள்ளே செய்யவேண்டியது விரைந்து நடந்தது, வெளியே செய்யவேண்டியது பின்தங்கிற்று. கட்டணத்தைத் தவணை தவறிச் செலுத்திய நிறுவனங்களும் உண்டு. வசூலான பணத்துக்கு ஈடாகப் பணி நடக்கவில்லை என்ற முறையீடும் உண்டு. விளைவு ஒன்றே: பளிங்குத் தளமிட்ட அடுக்ககத்தின் கழிவுநீர் லாரியில் ஏற்றப்பட்டு எங்கோ ஒரு காலி மனையில் கொட்டப்படும் காட்சி பல்லாண்டு நீடித்தது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. உரிமக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் நிலம் கைமாறும்போது வருபவை. புதிய நிலம் விற்கப்படும் வரையில் கருவூலம் நிரம்பும். விற்பனை தளர்ந்தால் வரவும் தளரும். வடிகாலைத் தூர்வாருவதும் குப்பையை அகற்றுவதும் தண்ணீரைச் சுத்திகரிப்பதுமோ ஆண்டுதோறும் தவறாமல் நிற்கும் செலவுகள். விதை நெல்லை விற்று அன்றாடச் சோற்றுக்கு வழி தேடும் குடும்பத்தின் நிலை இது. ஆண்டுதோறும் வரும் வரவு என்றால் அது சொத்து வரியே. ஆனால் அதனை விதித்து வசூலிக்க வேண்டிய மாநகராட்சியே 2008-இல்தான் அமைந்தது. அதற்கு முதல் தேர்தல் 2011-இல் நடைபெற்றது. மாருதியின் முதற் கார் வெளிவந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே நகருக்கு மாநகராட்சி கிடைத்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது. நகரின் பணிகள் மாநகராட்சி, மாநில நகர வளர்ச்சி அமைப்பு, நகரமைப்புத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தனியார் குடியிருப்பு நிறுவனங்கள் எனப் பல கைகளில் சிதறிக் கிடந்தன. இவற்றை ஒருங்கிணைக்கும் நோக்கத்துடன் குருகிராம் பெருநகர வளர்ச்சி ஆணையம் 2017-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. இருப்பவற்றோடு மேலும் ஓர் அமைப்பைச் சேர்ப்பதால் ஒருங்கிணைப்பு வந்துவிடுமா என்று அலுவலர்கள் வினவலாம், அவ்வினாவில் நியாயமுண்டு.

பொதுப்பணி இல்லாத இடத்தில் நிறுவனங்கள் தாமே அதனைச் செய்துகொள்கின்றன. மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறும் லாரியும், பாதுகாப்புக்குத் தனியார் காவலர், ஊழியர் போக்குவரத்துக்கு நிறுவன வண்டி என ஒவ்வொரு வளாகமும் ஒரு தனித் தீவாக வாழக் கற்றுக்கொண்டது. அரசின் துணையின்றியே நகரம் வளர்ந்தது என்று இதனைப் போற்றுவோர் உளர். ஆனால் நூறு தீவுகள் தனித்தனியே செய்யும் செலவு, ஒரே நகரம் பொதுவில் செய்யும் செலவைவிடக் கூடுதல். அது நிறுவனங்களின்மீது விழும் மறைமுக வரி. கருவூலத்துக்கு வந்து சேராத வரி. வாடகைக்கு இருக்கும் நிறுவனம் அந்த வரியை என்றும் செலுத்திக்கொண்டிருக்கக் கடமைப்பட்டதன்று. குத்தகை முடிந்ததும் வேறு நகருக்குப் போக அதற்கு உரிமையுண்டு. கடன் வாங்கி அடுக்ககம் வாங்கியவருக்கும், வண்டியோட்டியும் காவல் நின்றும் வீட்டு வேலை செய்தும் பிழைப்பவருக்கும் அந்த வசதி இல்லை.

நீர்

ஆண்டுக்குச் சராசரியாக 600 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் நிலம் இது. ஆரவல்லிக் குன்றுகளிலிருந்து இறங்கும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குவதற்காக காட்டா, ஜார்சா, வசீராபாத், சக்கர்பூர் முதலிய ஊர்களில் ஆங்கிலேயர் காலத்திலேயே மண்கரைகள் அமைந்திருந்தன. நகரம் பரந்தபோது அக்கரைகள் பல இடங்களில் அழிந்தன. ஏரிப் படுகைகள் மனைகளாயின. சக்கர்பூர்-வசீராபாத் கரையின் ஒரு பகுதி மட்டும் குடிமக்களின் முயற்சியால் பின்னர் மீட்கப்பட்டு மரஞ்செறிந்த நடைபாதையாக விளங்குகிறது.

மேற்கு யமுனைக் கால்வாயிலிருந்து சோனிபட் வழியாக வரும் கால்வாய் நீர் பசாயிலும் சந்து புதேராவிலும் சுத்திகரிக்கப்பட்டு நகருக்குள் வருகிறது. வளர்ந்த நகருக்கு அது போதாமற் போனதால் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டது. மைய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் குருகிராம் மிகைச் சுரண்டலுக்குள்ளான பகுதியாகவே இடம்பெற்று வந்துள்ளது. கட்டட வேலைக்குச் சுத்திகரித்த கழிவுநீரையே பயன்படுத்த வேண்டும் என்று பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றம் 2012-இல் ஆணையிட நேர்ந்தது.

கோடையில் நீரின்மையும் மழைக்காலத்தில் நீர்ப்பெருக்கும் ஒரே நோயின் இரு குறிகள். 2016 ஜூலை 28 மாலையில் பெய்த மழையில், காட்டாவிலிருந்து நஜஃப்கர் வடிகாலுக்குச் செல்லும் பாத்ஷாபூர் வாய்க்கால், அது குறுகியிருந்த காண்ட்சாவுக்கருகே நிரம்பி வழிந்தது. ஹீரோ ஹோண்டா சந்திப்பில் தேசிய நெடுஞ்சாலை மூழ்கிற்று. வண்டிகள் மறுநாள் வரை நின்றன. கூட்டம் கூடுவதைத் தடுக்க 144-ஆம் பிரிவின்கீழ் ஆணை பிறப்பிக்கப்பட்டது. உலகப் பெரு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக ஒளிரும் நகரம் ஒரு வாய்க்காலின் சில மீட்டர் அகலக் குறைவால் நிலைகுலைந்து போயிற்று. 2024 ஜூனில் குப்பை அகற்றும் பணிக்காகவே மாநில அரசு நெருக்கடி நிலைமை அறிவிக்க வேண்டியதாயிற்று.

பிற நகரங்களின் அனுபவம்

ஒரே தொழிலை நம்பிய நகரங்களின் கதை நாம் அறியாததன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் 1950-இல் 18.5 லட்சம் மக்களைக் கொண்டிருந்தது, 2010-இல் 7.14 லட்சம் பேரே எஞ்சினர். 2013 ஜூலையில் நகராட்சி கடனிறுக்க இயலாது திவால் மனு அளித்தது. நம் நாட்டில் கான்பூரின் எல்ஜின் ஆலையும் லால் இம்லியும் 19-ஆம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றவை. 20-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்து, தொழிலாளர் தலைமுறையொன்று தெருவில் நின்றது.

கோயம்புத்தூர் வேறு வழியில் சென்றது. அங்கும் பஞ்சாலையே தொடக்கம். 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின; ஏறத்தாழ அதே காலத்தில் சிறுவாணி நீரும் நகருக்கு வந்தது. ஆலைகளுக்கு வேண்டிய பழுதுபார்ப்புப் பட்டறைகள் நாளடைவில் வார்ப்படச் சாலைகளாகவும், மோட்டார், பம்புசெட், நெசவு இயந்திரத் தொழிலகங்களாகவும் வளர்ந்தன. ஆலை முதலாளிகளின் அறக்கட்டளைகள் தொழிற்கல்லூரிகளை நிறுவின. பஞ்சாலைத் தொழில் தளர்ந்தபோது நகரம் தளரவில்லை. மின்சாரமும் நீரும் செழிப்புக்குப் பின்னால் வராமல் அதனுடனேயே வந்தன என்பது இங்கே கருதத்தக்கது.

அதே கொங்கு நாட்டின் திருப்பூர் வேறொரு பாடத்தைத் தருகிறது. பின்னலாடை ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த அந்நகரின் சாயப்பட்டறைகள், நொய்யலாற்றை மாசுபடுத்தியதன் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் 2011 ஜனவரி ஆணையால் மூடப்பட்டன. வாங்குவோர் இருந்தும், தொழிலாளர் இருந்தும், சாயமிட வழியின்றித் தொழில் தடுமாறிற்று. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாத முறையைப் பெருஞ்செலவில் ஏற்ற பின்னரே பட்டறைகள் மீண்டன. முதலிலேயே செய்திருக்க வேண்டிய செலவு, தொழிலும் கூலியும் நின்ற மாதங்களின் இழப்போடு சேர்ந்து இரட்டிப்பாயிற்று.

மாருதியின் இடமாற்றம்

குருகிராமின் செழிப்பு நாளையே மறைந்துவிடும் என்று கூறுவது மிகையாகும். கார்த் தொழில், நிதிப்பணி, மென்பொருள், ஆலோசனைப் பணி எனப் பல கால்களில் அந்நகரம் நிற்கிறது. டெட்ராய்ட்டின் ஒற்றைக் கால் நிலை அதற்கு இல்லை. 2010-இல் தில்லி மெட்ரோ இரயில் அங்கு எட்டியதும் பெரிய ஆதரவு. ஆனால் நகரங்கள் எப்போதும் இடிந்து விழுந்துதான் நலிகின்றன என்பதில்லை. புதிதாக வர வேண்டியவை வேறிடம் நாடுவதாலும், இருப்பவை மெல்ல விலகுவதாலும் நலிகின்றன.

இதற்கு மாருதியைக் காட்டிலும் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. எந்தத் தொழிற்சாலையால் குர்கான் வரைபடத்தில் இடம்பெற்றதோ, அதனைச் சூழ்ந்து குடியிருப்புகளும் நெரிசலும் மூடிக்கொண்டன. லாரிகள் வந்துபோவதே பாடாயிற்று. அந்நிறுவனம் சோனிபட் மாவட்டத்துக் கர்க்கோடாவில் புதிய தொழிற்சாலையை எழுப்பி, 2025 பிப்ரவரியில் அங்கே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. பழைய ஆலையின் உற்பத்தியைப் படிப்படியாக வெளியே கொண்டுசெல்லும் கருத்தையும் அது மறைக்கவில்லை. மாநிலத்துக்கு இழப்பில்லை, கர்க்கோடாவும் அரியானாவில்தான் உள்ளது. நகருக்கோ, பட்டப்படிப்பு இல்லாதவனுக்கும் நிரந்தரக் கூலி தந்த ஒரு வாயில் குறுகுகிறது. காலியாகும் நிலத்தில் மீண்டும் அடுக்ககங்களே எழுமாயின், மறுபடியும் ஒருமுறை வரும் பணமே கருவூலத்துக்கு மிஞ்சும்.

சாணக்யபுரிக்குப் பெயர் தந்தவரின் அர்த்தசாஸ்திரம், புதிதாக ஏரி, அணை கட்டுவோர்க்கு ஐந்தாண்டும் சிதைந்தவற்றைப் புதுப்பிப்போர்க்கு நான்காண்டும் வரிவிலக்கு விதித்தது. அழிந்த கரைகளை மீட்கும் குடியிருப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் சொத்து வரியில் அத்தகைய சலுகை தருவதை மாநகராட்சி ஆராயலாம். அதற்கு முன்பாகச் சொத்து வரியை முழுமையாக வசூலிக்க வேண்டும். துவாரகா விரைவுச் சாலையின் அரியானாப் பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதன் இருமருங்கிலும் எழுந்துள்ள புதிய குடியிருப்புகளில் பல, லாரித் தண்ணீரை நம்பியே குடிபுகுந்தவை. அப்பகுதியில் இனி வழங்கப்படும் ஒவ்வோர் உரிமத்தையும், பெருங்குழாயும் வடிகாலும் வந்து சேர்ந்த தேதியோடு பிணைக்க இப்போதுள்ள சட்டத்தின் கீழேயே இடமிருக்கிறது.