புகைமூட்டமும் கரிமண் காடுகளும்



காடு அழிந்தால் மழை குறையும், மண் அரிக்கும், விலங்கினம் மடியும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் காடழிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அது வீட்டுக்குள் புகுந்து கண்ணைக் கரிக்கும் புகை.

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்று பொருள். இரண்டு நாள் கழித்து ஜொகூரின் மூவாரில் மலேசியக் குறியீடு 700ஐயும் தாண்ட, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2015இல் மீண்டும் புகை, பள்ளிகள் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி, தீ வைத்தவர் யார் என்பதே. கேட்க வேண்டியதுதான். ஆனால், ஈரம் சொட்டும் மழைக்காட்டு நிலத்தில் தீ எப்படிப் பற்றியது? இதை யாரும் அதிகம் கேட்பதில்லை.

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தாழ்நிலக் காடுகள் பல, பீட் எனப்படும் கரிமண்ணின்மேல் நிற்பவை. அங்கே ஆண்டு முழுவதும் நீர் தேங்கியிருப்பதால், விழும் இலையும் கிளையும் வேரும் முழுதாக மக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஒரு மீட்டர் கனம் சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். சில இடங்களில் அது 10 மீட்டருக்கும் மேல். ஊறிக்கிடக்கும் வரை எளிதில் எரியாது.

மரம் வெட்ட வந்தவர்கள், வெட்டிய மரத்தை மிதக்கவிட்டுக் கொண்டுபோகக் கால்வாய் தோண்டினார்கள். பின்னர் செம்பனையும் காகிதக் கூழுக்கான அக்காசியாவும் நட, மேலும் கால்வாய்கள். செம்பனை வேர் நீரில் நின்றால் அழுகும் அல்லவா? நிழலும் போயிற்று, நீரும் வடிந்தது. எஞ்சியது காய்ந்த விறகு. அதில் விழும் தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் கனலும். மேலே நீர் ஊற்றினால் அணைந்ததுபோல் இருக்கும். சில அடி தள்ளிப் புகை கிளம்பும். அரைகுறையாக எரிவதால்தான் இத்தனை நுண்துகள். அவை நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மத்திய கலிமந்தானில் 1996இல் தொடங்கிய அரசாங்கத் திட்டம் ஒன்று, ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டரை நெல்வயலாக்க முயன்றது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. எண்ணியபடி நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்ததும் அந்நிலம் பற்றி எரிந்தது. பிறகு திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்களோ தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன.

அக்கரையை நோக்கி விரல் நீட்டுவது சுலபம். கிள்ளானுக்கு அருகில் ஜோஹான் செத்தியாவின் கரிமண் நிலமும் வறட்சியில் புகையத்தான் செய்கிறது. வட சிலாங்கூர் கரிமண் காடு, தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் காக்கும் காடு. அதன் ஒரு பகுதியான ராஜா மூசாவிலும் பழைய வெட்டுமரக் கால்வாய்கள் நீரை வடித்தன; தீயும் வந்தது. அங்கே கால்வாய்களை அடைத்து, மஹாங் மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். பலன் தரும் வேலைதான். ஆனால் கன்றுக்கு முன் நீர் திரும்ப வேண்டும்.

இன்னொன்று. நீர் வடிந்த கரிமண், தீ படாவிட்டாலும் காற்றுப்பட்டுச் சிதைந்து ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அமிழ்கிறது. கடலோரத் தோட்டம் ஒருநாள் ஆற்று மட்டத்துக்கே இறங்கிவிடும். அப்போது நீரை வெளியேற்றக் கால்வாயும் உதவாது. இன்று லாபம் காணும் செம்பனையே வெள்ளத்தில் நிற்கும்.

இந்தோனேசியா 2014இல் ஒரு விதி கொண்டுவந்தது: சாகுபடி நடக்கும் கரிமண்ணில் நிலத்தடி நீர், மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. தோட்டத்தாரோ இன்னும் சற்று இறங்கட்டும் என்பார்கள். பேரம் இப்போது அந்தச் சில அங்குலங்களில் நடக்கிறது.