எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?



சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கில் குடும்பக் கணக்கெடுப்பு நடந்தது. அன்பியப் பொறுப்பாளர்களும் இளையோருமாகச் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். கையில் நான்கு பக்கப் படிவம். வீடு சொந்தமா வாடகையா, ஓடா கான்கிரீட்டா, கழிப்பறை உண்டா, ஃப்ரிட்ஜ் உண்டா, படித்தவர் எத்தனை பேர், வெளிநாட்டில் எத்தனை பேர் என்று கேள்விகள் நீண்டன. ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய தாய் ஒருவர் தனியாக இருந்தார். மாடி வைத்த வீடு. மகன்கள் இருவரும் வளைகுடா நாட்டில், மகள் பெங்களூரில். கேட்டதற்கெல்லாம், “இருக்கு சாமி, எழுதிக்கோங்க” என்றார். எங்கள் படிவத்தின்படி அந்தப் பங்கிலேயே குறையில்லாத வீடுகளில் அது ஒன்று. “கொஞ்சம் இருங்க, சாயா போட்டுத் தாறேன்” என்று அவர் அடுக்களைக்குப் போகத் திரும்பினார். இன்னும் பதினான்கு வீடு பாக்கி என்று சொல்லி எழுந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு அந்தத் தாய் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடியும் வரை தரையிலேயே கிடந்தார். காலையில் பால் கொண்டுவந்தவர், வழக்கமாகத் திண்ணையில் இருக்கும் பாத்திரத்தைக் காணாமல் சந்தேகப்பட்டு, மதில் ஏறிக் குதித்துப் பார்த்ததால் உயிர் பிழைத்தார். பால்காரருக்குத் தெரிந்தது எங்கள் நான்கு பக்கத்துக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது அவர் குறை எதுவும் சொல்லவில்லை. “அன்னைக்குச் சாயா குடிக்காமப் போயிட்டீங்களே சாமி” என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் எங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். ஓர் ஊர் நன்றாக வாழ்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

நீண்ட காலம் உலகம் பணத்தைக் கொண்டே அளந்தது. 1934-இல் சைமன் குஸ்னெட்ஸ் என்ற பொருளியல் அறிஞர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அந்நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். இந்தத் தொகையைப் பார்த்து மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என அதே அறிக்கையில் எச்சரிக்கவும் செய்தார். உலகம் தொகையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. ஓட்டலில் சமைக்கும் சோறு நாட்டு வருமானத்தில் சேரும், வீட்டில் அம்மா சமைக்கும் சோறு சேராது. கூலிப் பணத்தை ஒருவர் மதுக்கடையில் கொடுத்தால் கணக்கு ஏறும், அன்றிரவு அவர் வீட்டில் நடப்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

விவிலியத்திலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு உண்டு. தாவீது அரசர் தம் மக்களை எண்ணச் சொன்னார். தளபதி யோவாபு தயங்கினார், அரசர் கேட்கவில்லை. ஒன்பது மாதம் இருபது நாள் அலைந்து கொண்டுவந்த எண்ணிக்கை, இஸ்ரயேலில் எட்டு லட்சம், யூதாவில் ஐந்து லட்சம். யாருடைய எண்ணிக்கை? வாளேந்தக் கூடியவர்களுடையது. கைம்பெண்ணும் குழந்தையும் ஊனமுற்றவரும் அந்தப் பட்டியலில் இல்லை. எண்ணி முடித்ததும் தாவீதின் மனமே அவரைக் குத்தியது என்கிறது சாமுவேல் இரண்டாம் நூல்.

எண்ணுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 1990-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த மகபூப் உல் ஹக் முன்னின்று ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தார். வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளந்தது அது. அவருடைய நண்பர் அமர்த்தியா சென்னுக்கு முதலில் இதில் தயக்கம். மனித வாழ்வை ஒரே எண்ணுக்குள் அடைப்பது கரடுமுரடான வேலை என்று அவர் நினைத்தார். பண எண்ணை ஓரங்கட்ட இன்னோர் எண் இருந்தால்தான் முடியும் என்று ஹக் பிடிவாதமாக நின்றார். ஹக் சொன்னதே சரி என்று எங்களுக்குப் படுகிறது. ஒரு நாட்டில் பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று அரசுகளைக் கேட்க வைத்தாரே! பச்சிளங்குழந்தை சாகாத, முதியவர் ஆயுள் நிறைந்து வாழும், வீடு கட்டியவரே அதில் குடியிருக்கும் ஊரைத்தான் இறைவாக்கினர் எசாயாவும் கனவு கண்டார்.

ஆனால் சராசரி என்பது ஒரு திரை. நமது குமரி மாவட்டத்தையே பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். நமக்குப் பெருமைதான். மிச்சமுள்ள எட்டேகால் விழுக்காடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். நூறு ஆட்டில் தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருந்தால் எந்த அதிகாரியும் விருது வாங்கியிருப்பார். நற்செய்தியில் வரும் ஆயரோ காட்டுக்குள் இறங்கிப் போகிறார்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இதை நேரில் கண்டோம். கடலுக்குப் போனவர்களில் திரும்பாதவர் எத்தனை பேர் என்பதில் அரசின் எண்ணும் கடற்கரைப் பங்குகளின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. பங்குகளிடம் இருந்தது வெறும் எண் அல்ல, பெயர்ப் பட்டியல். எந்த வீட்டு மகன், எந்தப் படகு, உடன் போனவர் யார் என்று தெரு தெருவாக விசாரித்து எழுதியது.

கடற்கரையில் அப்படி எண்ணத் தெரிந்த நமக்கு, மாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு தாயை எண்ணத் தெரியாமல் போனது ஏன்? அந்த வீட்டில் எதுவும் குறையவில்லை என்று நாங்கள் நம்பியதுதான் காரணம். செக்கரியா இறைவாக்கினர் நலமான எருசலேமுக்குச் சொன்ன அடையாளம் வேறு. கிழவரும் கிழவியும் கையில் கோலோடு தெருவில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அதே தெருவில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவார்கள். மதிலின் உயரத்தையோ கருவூலத்தின் பொன்னையோ அவர் அந்த இடத்தில் பேசவில்லை. நம் தெருக்களில் சாயங்காலம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன் இருக்கிறோம்.

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கைக்காக நாடு நாடாகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, இக்கட்டு வந்தால் உதவ உங்களுக்கு உறவினரோ நண்பரோ உண்டா என்பது. 2025 அறிக்கை, மக்கள் வாரத்தில் எத்தனை வேளை பிறரோடு சேர்ந்து உண்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தது. அந்தத் தாய் சாயா போட எழுந்தபோது எங்களுக்கு விளங்காதது ஆய்வாளர்களுக்கு விளங்கியிருக்கிறது.

வருகிற மாதம் மறுபடி படிவத்தோடு கிளம்புகிறோம். ஃப்ரிட்ஜ், கழிப்பறைக் கேள்விகள் அப்படியே இருக்கும், அவையும் வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறோம். நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? உங்கள் கதவைத் தட்டக்கூடியவர் யார்? ஒரு நாளைக்கு ஐந்து வீட்டுக்கு மேல் போவதில்லை என்று அன்பியங்களில் முடிவாகியிருக்கிறது. முதல் வீடு அந்தத் தாயின் வீடு. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார், சாயாவுக்குப் பால் கூடுதலாக வாங்கி வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.