திருப்பத்தில் கிளம்பும் சத்தம்

(ஸ்ரீரங்கத்தில் டாக்சித் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)

தோழர்களே!

கார் ஓட்டிப் பிழைக்கும் உங்கள் முன் காரைப்பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நாம் எந்தப் பட்டறையிலும் வேலை பழகவில்லை. ஒரு பழைய மாருதி 800 காரை வைத்துக்கொண்டு ஏமாந்தோம் என்பதே நமது யோக்கியதை.

அந்தக் கார் திருச்சியிலிருந்து காவேரிப் பாலம் தாண்டி வரும்வரை வாய் திறப்பதில்லை. உத்திரவீதியில் மூலை திரும்பினால் மாத்திரம் முன்பக்கத்தில் "டக், டக்" என்று சத்தம். நேரே வந்தால் நின்றுவிடும். நாலு மூலையிலும் இப்படியே. தெரிந்த பெரியவர் ஒருவர், கோயிலைச் சுற்றும்போது மாத்திரம் சத்தமென்றால் வண்டிக்குத் தோஷம் என்று சொல்லிவிட்டார். வீட்டார் பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தை நசுக்கிய சக்கரமே அடுத்த மூலையில் மறுபடியும் டக் டக் என்றது.

பிறகு ஒரு பட்டறையில், காரைத் தொட்டுக்கூடப் பாராமல், சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். இவருக்கும் அந்தப் பெரியவருக்கும் என்ன வித்தியாசம்? இவருடைய பூசணிக்காய் விலை அதிகம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். "பிரதட்சணம் வந்தால் நாலு மூலையும் வலது திருப்பந்தானே? இடது பக்கம் திருப்பிப் பார்த்தீர்களா?" என்றார். நாம் பார்க்கவில்லை. அவர் ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வலமாகச் சுற்றினார், சத்தம் வந்தது. இடமாகச் சுற்றினார், இல்லை. நின்றபடியே ஒடித்துப் பார்த்தார், அப்போதும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் பலத்தது. வேகம் கூடக்கூட டக் டக்கும் நெருங்கி வந்தது. சக்கரத்தோடு கூடிக் குறைகிற சத்தமென்றால் சுழலும் பாகத்தில்தானே குற்றம் இருக்கவேண்டும்?

1983 டிசம்பரில் வெளிவந்து 2014-ல் நின்றுபோன அந்தக் காரில், முன் சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கொடுப்பதற்கு ஆக்சில் நுனியில் குண்டுகள் உருளும் ஒரு மூட்டு இருக்கிறது. 1920-களில் ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஆல்ஃபிரட் ஷெப்பா கண்ட வழி அது. மூட்டின்மேல் ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும், குண்டு ஓடும் பள்ளங்கள் தேயும். நேரே போகையில் தெரியாத தேய்மானம் வண்டியை ஒடித்தால் பேசும். வலது திருப்பத்தில் பாரம் இடப்பக்கம் சாய்வதால் அவர் இடது சக்கரத்தை முதலில் பார்த்தார். வலதையும் பாராமல் விடவில்லை. இடது உறையில் விரல் நுழையும் கிழிசல். சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாச் சத்தத்துக்கும் ஆக்சில்தான் காரணம் என்று போய்விடாதீர்கள். அம்பாசிடருக்குப் பின் சக்கரமே தள்ளுகிறது. அதன் முன்பக்கத்தில் இந்த மூட்டே கிடையாது. நின்ற இடத்தில் ஒடிக்கும்போது "டொங்" என்றால், மாருதி போன்ற கார்களில் ஸ்பிரிங்கின் தலைப்பக்கத்து பேரிங்கைப் பாருங்கள். மேட்டில் ஏறித் திரும்புகையில் ஒரே ஒரு தடவை "டொக்" என்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கவேண்டும். அது கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். பின்சீட்டில் இருப்பது பிறர் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பட்டறைக்காரர் சொன்னதை நம்பிப் பணமில்லாமல் தள்ளிப் போடுகிறவர்களும், பூசணிக்காயை நம்பித் தள்ளிப் போடுகிறவர்களும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நமது காருக்கு அந்த ஒரு மூட்டும் உறையும் மாற்றியதோடு சத்தம் நின்றது. அந்த மெக்கானிக் நம்மோடு வந்திருக்கிறார். வெளியே உங்கள் கார்கள் நிற்கின்றன. ஜாக்கி வைத்திருக்கும் தோழர்கள் எடுத்து வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.